ஸ்டார்ட்அப் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? கணக்கு தவறும் இடங்கள் (அனுபவப் பகிர்வு)

நிதிப் பிரிவில் வேலை:
ரன்வே, அதாவது கையிருப்பு தாங்கும் காலம், எவ்வளவு என்று கேட்டால், பேங்க் பேலன்ஸை மாதாமாதம் கரையும் தொகையால் வகுத்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள். கணக்கில் 90 லட்சம், மாதச் செலவு 14 லட்சம், வசூல் 4 லட்சம் என்று வையுங்கள். மாதம் கரைவது (பர்ன்) 10 லட்சம், ஆக ஒன்பது மாதம் என்று தோன்றும். ஆனால் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி 6 லட்சமும், டிடிஎஸ் (பிறருக்குப் பணம் தரும்போது பிடித்த வருமான வரி), பிஎஃப் (ஊழியர் வைப்பு நிதி) சேர்ந்த 3 லட்சமும் நம் பணமே இல்லை. மூட நேர்ந்தால் நோட்டீஸ் மாதச் சம்பளத்துக்கும் ஃபைனல் செட்டில்மென்ட்டுக்கும் 15 லட்சம் தனியாக வைத்தே ஆக வேண்டும். வேலை பார்த்தவர்களைத் தெருவில் விடக் கூடாது. மிச்சம் 66 லட்சம். ஆறரை மாதம்தான்.

அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியாக ஒரு ஷீட் போடுங்கள். டிடிஎஸ் 7ஆம் தேதி, பிஎஃப் 15, மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி 3பி (மாத ரிட்டர்ன்) 20. வசூல் வரிசையில் வாடிக்கையாளர் வாயால் சொன்ன தேதியை எழுத வேண்டாம். கடைசி மூன்று பில்லை எத்தனை நாளில் தீர்த்தார் என்று பார்த்து, அந்தக் கணக்கில் எழுதுங்கள். பணம் இறுகும்போது பலர் முதலில் கை வைப்பது பிஎஃப்பில்தான், அதைச் செய்யாதீர்கள். ஊழியரிடம் பிடித்ததைக் கட்டாமல் விட்டால் குற்ற வழக்கு வரை போகும்.

மென்பொருள் சேவை, பெரிய கம்பெனிகளுக்கு:
மேலே சொன்ன ஜிஎஸ்டிதான் எங்கள் துறையில் கழுத்தைப் பிடிப்பது. மார்ச்சில் 10 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டால் 1.8 லட்சம் வரி. நாம் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய உள்ளீட்டு வரி கழித்தது போக மீதியை ஏப்ரல் 20க்குள் நாம் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் ஜூனில் தருவார், அதிலும் 10 சதவீத டிடிஎஸ் பிடித்துக்கொண்டு. அந்த ஒரு லட்சம், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை முடங்கிக் கிடக்கும். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி குறைந்த விகித டிடிஎஸ் சான்றிதழுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது. குறு, சிறு நிறுவனமாக அரசின் உத்யம் தளத்தில் பதிவு இருந்தால் அந்த எண்ணை இன்வாய்ஸில் அச்சிடுங்கள். 45 நாளுக்கு மேல் இழுத்தால் வட்டி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. வட்டிக்காக இல்லாவிட்டாலும், அந்த எண்ணைப் பார்த்தால் எதிர்த்தரப்பு கணக்குப் பிரிவு ஃபைலை நகர்த்தும்.

கம்பெனி செக்ரட்டரி:
டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளின் முன் ஒப்பந்தம்) கையெழுத்தானதும் ஆள் எடுக்கத் தொடங்குகிறார்களே, அதுதான் பெரிய ஆபத்து. அதில் முதலீட்டாளரைப் பெரும்பாலும் எதுவும் கட்டுப்படுத்தாது. நம்மைக் கட்டுப்படுத்தும் ஷரத்து மட்டும் இருக்கும்: 45, 60 நாள் வேறு யாரிடமும் பேசக் கூடாது. 30 நாளாகக் குறைக்கக் கேளுங்கள். டியூ டிலிஜென்ஸ், அதாவது முதலீட்டாளர் நம் கணக்கையும் ஆவணங்களையும் சரிபார்ப்பது, இழுப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்: ஃப்ரீலான்ஸர் எழுதிய மென்பொருள் கோடுக்கு உரிமை மாற்றப் பத்திரம் இருக்காது, மெயிலில் வாக்குக் கொடுத்த ஈசாப்புக்கு (ஊழியருக்கான பங்கு உரிமை) தீர்மானம் இருக்காது.

பணம் வந்துவிட்டாலும் உடனே தொட முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 42-இன்படி அது தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பங்கு ஒதுக்கி, பாஸ்-3 (பங்கு ஒதுக்கீட்டுப் படிவம்) தாக்கல் செய்த பிறகே செலவழிக்கலாம். 60 நாளில் ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி. அதனால் மேலே சொன்ன 13 வார ஷீட்டில் முதலீட்டை பாஸ்-3 தேதியில்தான் எழுத வேண்டும்.

டெலவேர் (அமெரிக்க மாநிலம்) பதிவுக் கம்பெனி:
வங்கியையும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச் 10 வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. அங்கே டெபாசிட் காப்பீட்டு வரம்பு 2,50,000 டாலர்தான். முழு டெபாசிட்டும் கிடைக்கும் என்ற அறிவிப்பு ஞாயிறன்றுதான் வந்தது. இரண்டு மாதச் சம்பளமாவது வேறு வங்கியில் இருக்கட்டும். இந்தியாவில் வரம்பு ஒரு டெபாசிட்தாரருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய்.

புது உறுப்பினர்:
பழைய முதலீட்டாளரிடமே பிரிட்ஜ் (அடுத்த சுற்று முதலீடு வரும்வரை தாங்கும் இடைக்காலப் பணம்) கேட்டால் இவ்வளவு நாள் ஆகுமா சார்?

கம்பெனி செக்ரட்டரி:
கன்வர்ட்டிபிள் நோட்டாக (பின்னால் பங்காக மாறும் கடன்) வாங்கினால் இப்போதே வேல்யுவேஷன், அதாவது கம்பெனி மதிப்பு, பேச வேண்டியதில்லை, வேலை குறையும். ஆனால் ஸ்டார்ட்அப் என்று டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் வர வேண்டும். ஐந்து பேர் தலைக்கு 5 லட்சம் என்றால் இந்த வழி சரிப்படாது. கையில் ஆறு மாதம் இருக்கும்போதே கேளுங்கள். இரண்டு மாதம்தான் மிச்சம் என்று தெரிந்தால் நிபந்தனையெல்லாம் அவர்கள் பக்கம் போய்விடும்.