நிலைய அலுவலர் இல்லாத அழைப்பில், பணியில் மூத்தவர்களை வழிநடத்துவது எப்படி?

கேள்வி: குமரித் தீயணைப்போர்

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி நிலையம் ஒன்றில் அண்மையில் முன்னணி தீயணைப்போராகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறேன். நிலைய அலுவலர் விடுப்பிலோ வேறு அழைப்பிலோ இருக்கும்போது வண்டியுடன் செல்லும் குழுவுக்கு நானே பொறுப்பு. குழுவில் இருவர் எனக்கு மூத்தவர்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்கு ஏணிப் பயிற்சி கொடுத்தவர். ரப்பர் இலையுதிரும் மாதங்களில் வண்டி நுழைய முடியாத தோட்டங்களில் சருகு பற்றி எரியும். கோடையில் கிணறு தூர்வாரும்போது மயங்கி விழுந்தவர்களை மீட்கச் சொல்லி அழைப்பு வரும். அங்கே அந்த அண்ணன்மாரிடம் "பொறுங்கள், இப்போது இறங்க வேண்டாம்" என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியின் பயிற்சிக்கு எப்போது வாய்ப்பு வரும் என்பது என் கையில் இல்லை. அதுவரை நிலையத்திலேயே என்னை எவ்வாறு வளர்த்துக்கொள்வது?

பதில் 1: ஓய்வு பெற்ற நிலைய அலுவலர்

தம்பி, நீங்கள் கிணற்றைக் குறிப்பிட்டதால் அதிலிருந்தே சொல்கிறேன். விழுந்தவரின் உறவினர்கள் கதறிக்கொண்டிருக்க, ஊரே கிணற்றைச் சுற்றி நின்று "ஏன் இறங்கவில்லை?" என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்களைவிடக் கடினமான தலைமைப் பணி நம் துறையில் வேறில்லை. காற்றோட்டமற்ற இடங்களில் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இறந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்ற இறங்கியவர்களே என்று 1986இல் எச்சரித்தது. எனவே மூச்சுக்கருவி அணியாமல் எவரும் இறங்கக் கூடாது என்ற முடிவை அங்கே நின்று எடுக்காதீர்கள். காலை ரோல் கால் முடிந்தவுடன் நிலையத்திலேயே எல்லோரும் கேட்க எடுத்துவிடுங்கள். முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட விதியை நீங்கள் நினைவூட்டும்போது, மூத்தவரை இளையவர் தடுத்ததாக அது தோன்றாது.

அடுத்து, கையில் குழாயைப் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். மூச்சுக்கருவியில் 300 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் நிரப்பிய 6 லிட்டர் உருளையில் ஏறத்தாழ 1800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கொண்டால் 45 நிமிடம் வரும். ஆனால் சுமார் 55 பாரில் எச்சரிக்கை விசில் ஒலித்துவிடும் என்பதால் வேலைக்குக் கிடைப்பது 36 நிமிடம்தான். ஆளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கும்போது அதுவும் வெகுவாகக் குறையும். இறங்கியவரின் பெயர், நேரம், அழுத்தம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு மேலே நிற்பவர்தான் அவருடைய உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

பதில் 2: பயிற்சியாளர்

மேலே உள்ள பதிலை முழுவதும் ஏற்கிறேன். ஆயினும் முறையான படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். பேரிடர்க் களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்டது. ஒருவரின் நேரடிப் பொறுப்பில் பொதுவாக ஐந்து பேர் இருப்பதே நலம் என்ற கொள்கையை அதிலிருந்து உங்கள் வண்டிக் குழுவுக்கே பொருத்திப் பார்க்கலாம். 2017இல் ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த நாள்களை எண்ணிப் பாருங்கள். மின்வாரியம், வருவாய்த் துறை, காவல் துறை, நாம் என எல்லோரும் ஒரே சாலையில் நிற்கும்போது, மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்வது யார், மரத்தில் ரம்பம் வைக்கச் சொல்வது யார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் துணிச்சலே ஆபத்தாகிவிடும்.

இன்னொன்று. 1980களில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புத் தலைவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் பெரும்பாலும் பல வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல், முன்பு கண்டதோடு பொருத்திப் பார்த்து முதலில் தோன்றும் வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தே செயல்படுகிறார்கள் என்று கண்டறிந்தார். அப்படியானால் நீங்கள் நேரில் காணாத அழைப்புகளையும் மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூத்தவர்களிடம் பழைய அழைப்புகளைப் பற்றிக் கேளுங்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் கதவைத் திறக்கும் முன் எதைப் பார்த்தார்கள், சருகுத் தீயில் காற்று திரும்பியதை எதை வைத்து அறிந்தார்கள் என்று குறிப்பாகக் கேட்டால் அவர்களும் விரும்பிச் சொல்வார்கள்.

பதில் 3: மூத்த தீயணைப்போர்

நீங்கள் சொல்லும் அந்த அண்ணன்மாரின் இடத்திலிருந்து எழுதுகிறேன். என்னைவிட இளையவர்களின் கட்டளையில் பணியாற்றியிருக்கிறேன். வயது எனக்கு ஒருபோதும் உறுத்தவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை வருவதும், பொதுமக்கள் முன்னிலையில் குரல் உயர்த்துவதும்தான் உறுத்தும். வண்டியில் போகும்போதே "அண்ணே, நீங்கள் பம்பைப் பாருங்கள், நான் சுற்றி வந்து சொல்கிறேன்" என்று பணியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இறங்கிய பிறகு யாரும் தடுமாற மாட்டோம். நாங்கள் சொன்ன யோசனையை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்பதை நிலையத்துக்குத் திரும்பியதும் சொல்லுங்கள், மனத்தாங்கல் தங்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அழைப்பு முடிந்து திரும்பியதும் நடந்ததைப் பற்றிப் பேச அமர்கிறோம். ஆனால் நான் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் "சரி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கு வழி உண்டா?

பதில் 4: ஓய்வு பெற்ற நிலைய அலுவலர்

உண்டு, தம்பி. நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பணியில் இளையவரிடம் முதலில் கேட்டு, அடுத்து ஓட்டுநரிடம் வாருங்கள். களத்தை வெளியிலிருந்து முழுமையாகப் பார்த்தவர் பெரும்பாலும் அவர்தான். "யார் தவறு?" என்று கேட்காமல் "அப்போது என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை?" என்று கேளுங்கள். குழாய்களைக் கழுவி உலர்த்திக்கொண்டே பேசுங்கள். மேசையைச் சுற்றி அமர்ந்தால் அது விசாரணை போலாகிவிடும். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது மறுநாள் டிரில்லில் செய்து பாருங்கள்.