டேப் ரிக்கார்டர் போர்டில் கிட்டார் ஆம்ப்: 1 மெகா ஓம் வேண்டுமா, வேண்டாமா?

ஈயப்புகை:
"கழித்துப்போட்ட டேப் ரிக்கார்டரின் ஆம்ப் போர்டில் கிட்டாரை நேராகச் செருகினால் போதும், 1 மெகா ஓம் இன்புட் என்பதெல்லாம் புத்தகம் படித்தவர்கள் கிளப்பிய பயம்" என்று பழையபெட்டி நேற்று ஒருவருக்குப் பதில் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இதை நம்பி நாலு பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து சால்டர் வைப்பார்கள். கடைசியில் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு, டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றாலே இப்படித்தான் என்று மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். தப்பு டிரான்சிஸ்டரில் இல்லை, வாசலில் இருக்கிறது. அந்த போர்டில் சத்தத்தைப் பெருக்கும் எல்எம்386 சிப்பின் இன்புட், அதாவது கிட்டாருக்கு அது காட்டும் தடை, 50 கிலோ ஓம்தான். கிட்டாருக்கு 1 மெகா ஓம், அதாவது 1000 கிலோ ஓம் வேண்டும்.

பழையபெட்டி:
என்னிடமே கேட்டிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்க வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து உங்கள் பிக்கப்பை, நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்தக் காயிலை, அளந்து பாருங்கள். என்னுடையது 6.2 கிலோ ஓம். 50 என்பது அதற்கு எட்டு மடங்கு. எட்டு மடங்கு போதாதா? நான் செருகினேன், வாசித்தேன், நன்றாகவே கேட்டது.

ஈயப்புகை:
மல்டிமீட்டர் அளப்பது டிசி, திசை மாறாத மின்சாரத்துக்கான தடை. கிட்டார் நரம்பிலிருந்து டிசியா வருகிறது? பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய முடி போன்ற கம்பி. ஒரே காயில் உள்ள சாதாரண பிக்கப்புக்கு (சிங்கிள் காயில்) இண்டக்டன்ஸ் 3 ஹென்றி என்று வையுங்கள்; அதிர்வெண் ஏற ஏற அதன் தடையும் ஏறும். 5000 ஹெர்ட்ஸில் அந்தக் காயில் மட்டும் 94 கிலோ ஓம் தடுக்கிறது. அதன் முன்னால் உங்கள் 50 கிலோ ஓமை வைத்தால் பாதிக்கு மேல் காயிலிலேயே தங்கிவிடும். ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, செத்தது அங்கேதான். 1 மெகா ஓம். திரும்பவும் சொல்கிறேன், 1 மெகா ஓம்.

புதுக்கை:
அண்ணா, ஒரு சந்தேகம். அதிர்வெண்ணோடு மாறும் தடை இம்பீடன்ஸ், மாறாதது ரெசிஸ்டன்ஸ்; இரண்டையும் ஒரே பொருளில் சொல்கிறீர்களா? எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

ஆறுநரம்பு:
நான் வாசிக்கிறவன், சர்க்யூட் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 1966-இல் வந்த, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலின் இன்புட் இந்த எல்எம்386-ஐவிடக் குறைவு. அந்தச் சத்தத்துக்காக இன்றைக்கும் ஆட்கள் அதைத் தேடி அலைகிறார்கள். அப்புறம், கிட்டார் ஸ்பீக்கரே 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் படுத்துவிடும். கேட்காத ட்ரெபிளுக்கு எதற்கு இத்தனை சண்டை?

பழையபெட்டி:
அப்படிக் கேளுங்கள்! எட்டு மடங்கு போதும்.

ஈயப்புகை:
ஆறுநரம்பு, 5000-க்கு மேல் படுத்துவிடும் என்பது சரி. ஆனால் பிக்கப்பின் உயிர் அதற்குக் கீழே இருக்கிறது. ஆறு மீட்டர் கேபிள் போட்டால் கேபிளும் காயிலுமாகச் சேர்ந்து கெப்பாசிட்டன்ஸ் சுமார் 700 பிகோஃபாரட். 3 ஹென்றியோடு அது 3500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு எழுப்பும். பிளெக்ட்ரம் நரம்பில் படும்போது 'டிக்' என்று ஒரு முனை கேட்கிறதே, அது அந்த மேடுதான். 50 கிலோ ஓம் அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிடும். ஃபஸ் ஃபேஸ் அதை வேண்டுமென்றே தின்கிற பெடல். சுத்தமான ஆம்பும் அப்படித் தின்ன வேண்டும் என்று யார் சொன்னது?

இதற்காகப் புதிதாக எதுவும் வாங்கச் சொல்லவில்லை. அதே டேப் ரிக்கார்டரின் ப்ரீஆம்பில் சி1815 டிரான்சிஸ்டர் கிடக்கும். நான் அப்படி ஒன்றைக் கழற்றினேன். போர்டைத் திருப்பிப் பிடித்து, மூன்று காலிலும் ஈயம் இளகும்வரை முனையை ஓட்டி, மெதுவாக ஆட்டினால் பல் விழுகிற மாதிரி கையோடு வரும். எமிட்டர் ஃபாலோயராக, அதாவது சத்தத்தைக் கூட்டாமல் இன்புட் தடையை மட்டும் உயர்த்தும்படி, எல்எம்386-க்கு முன்னால் போட்டேன்: பேஸுக்கு இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர், எமிட்டரில் 10 கிலோ. டிரான்சிஸ்டரின் கெயின் (மின்னோட்டத்தைப் பெருக்கும் மடங்கு) 200 என்று வைத்தால்கூட மொத்த இன்புட் 400 கிலோ ஓம் வருகிறது. செருகிய அந்த நிமிடமே கிட்டார் வாய் திறந்துவிட்டது.

பழையபெட்டி:
எல்லோரும் கவனியுங்கள். 400 கிலோ ஓமாம். 1 மெகா ஓம் எங்கே போனது? விடிந்ததிலிருந்து 1 மெகா, 1 மெகா என்று கத்திவிட்டு, தான் செய்ததில் பாதிகூட இல்லை. என் 50-ஐக் குற்றம் சொல்ல இவருக்கு என்ன தகுதி?

ஈயப்புகை:
400-க்கும் 1000-க்கும் காதில் பெரிய வித்தியாசம் வராது. 50-க்கும் 400-க்கும் வரும். இதுகூடப் புரியவில்லை என்றால் நான் என்ன செய்ய.

பழையபெட்டி:
வித்தியாசம் வராது என்றால் 1 மெகா தேவையில்லை என்றுதானே அர்த்தம். நான் நேற்று எழுதியதும் அதுதானே!

கம்பிச்சுருள்:
இந்த ஈயப்புகையின் கணக்கை நம்பாதீர்கள். போன வருடம் டிடிஏ2030 என்ற ஆம்ப் சிப்புக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடுவிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி) போடச் சொன்னவர் இவர்தான். டிசியாக்கிய பிறகு லோடு இல்லாமல் அளந்தபோது இரு பக்கமும் 18 வோல்ட்டைத் தாண்டியது. அந்தச் சிப்பின் உச்சமே 18. ஒரு நாள் சிப் போனது. கோன் முன்னால் தள்ளி அப்படியே நின்றது, வாய்ஸ் காயிலின் வார்னிஷ் கருகி அறை முழுக்க வாடை. என் அப்பா வைத்திருந்த ஸ்பீக்கர் அது.

ஈயப்புகை:
சிப்புக்கும் சேசிஸுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு போட்டீர்களா? டிடிஏ2030-இன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு ஒட்டியது. பிளஸ், மைனஸ் இரண்டும் உள்ள டூயல் சப்ளையில் அதை நேரடியாக சேசிஸில் முறுக்கினால் ஷார்ட்.

கம்பிச்சுருள்:
என் சிங்கிள் சப்ளை செட்டில் மைக்கா இல்லாமலே ஓடுகிறது.

ஈயப்புகை:
சிங்கிள் சப்ளையில் மைனஸ்தான் கிரவுண்ட், ஓடத்தான் செய்யும். நான் கேட்டது கருகியதைப் பற்றி. மைக்கா போட்டீர்களா, இல்லையா?

கம்பிச்சுருள்:
நான் சொன்னது வோல்ட்டேஜ். பேச்சை மாற்றாதீர்கள்.

ஆறுநரம்பு:
கிட்டாரின் வால்யூமைத் திருகும் ரெசிஸ்டரே (பாட்) 250 கிலோ ஓம்தானே. அதையும் தாண்டி 1 மெகா எதற்கு என்று யாராவது சொல்லுங்கள்.

ஈயப்புகை:
அந்த 250 ஏற்கெனவே ஒரு சுமை என்பதால்தான் இன்னொன்றைப் பக்கத்தில் ஏற்றக்கூடாது. 250-உம் 50-உம் பக்கத்தில் நின்றால் பிக்கப் பார்ப்பது 42 கிலோ ஓம்கூட இல்லை. 1 மெகா நின்றால் 200. இன்றிரவு அதே கிட்டார், அதே கேபிள், சி1815 வைத்தும் எடுத்தும் இரண்டு பதிவு போடுகிறேன். காது இருப்பவர்கள் கேளுங்கள்.

பழையபெட்டி:
போடுங்கள். 400 கிலோ ஓம் என்று தலைப்பும் வையுங்கள். 1 மெகா என்று எழுதினால் அங்கேயும் வருவேன்.