தொட்டி மருந்து கணக்குக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது: எங்கே தவறு?

கேள்வி (மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவர்; மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம்):
ஐயா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் டிராக்டரில் பொருத்திய 400 லிட்டர் தொட்டியைக் கொண்டு, அறுவடைப் பாதையில் 2 மீட்டர் அகலத்துக்குக் களைக்கொல்லி அடிக்கிறோம். நோசல் (மருந்தைத் தெளிக்கும் முனை) நான்கு; 3 பார் அழுத்தத்தில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 0.8 லிட்டர். வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். ஆகவே ஹெக்டேருக்கு 240 லிட்டர் என்று கணக்கிட்டு, லேபிளில் உள்ள ஹெக்டேருக்கு 3 லிட்டர் அளவின்படி தொட்டிக்கு 5 லிட்டர் மருந்து கலக்கிறேன். 8.3 கிலோமீட்டர் வரவேண்டிய தொட்டி 6.8 கிலோமீட்டரிலேயே காலியாகிறது. அழுத்தத்தைக் குறைத்துவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற வெளிக்காட்டுக் கிராணி, அதாவது தோட்ட வெளிவேலைகளைக் கவனித்த அலுவலர்):
அழுத்தத்தைத் தொடாதீர்கள், தம்பி. அதைக் கால்வாசியாக்கினால்தான் நீர் பாதியாகும். அதற்குள் நோசலின் விசிறி சுருங்கி, நடுநடுவே புல் பச்சையாகவே நிற்கும். தொட்டியை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நோசலின் கீழும் ஒரு நிமிடம் அளவுக்குவளையைப் பிடித்துப் பாருங்கள். புதிய நோசலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக விழுந்தால் அது தேய்ந்துவிட்டது. இன்னொன்று: அந்த 4 கிலோமீட்டர் வேகத்தை எங்கே அளந்தீர்கள்?

மண்டோர்:
பட்டறைக்கு முன்னுள்ள செம்மண் சாலையில் அளந்தேன், ஐயா. 100 மீட்டருக்கு 90 விநாடி. இன்று காலை பாதித் தொட்டித் தண்ணீரோடு, அதே கியரில், ஈரமான பாதையிலேயே ஓட்டிப் பார்த்தபோது 100 விநாடி ஆனது. நோசல்களில் விழுந்தது 0.80, 0.82, 1.10, 0.80. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பிளவின் ஓரத்தில் கீறல் தெரிகிறது. அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஓட்டுநர் கம்பியால் குத்தி எடுத்திருக்கிறார்.

கிராணி:
கணக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. நான்கும் சேர்ந்து 3.52 லிட்டர், அதை 600 ஆல் (அலகுகளை ஹெக்டேர் கணக்குக்கு மாற்றும் எண்) பெருக்கி, உண்மையான வேகம் 3.6, அகலம் 2 ஆகிய இரண்டாலும் வகுத்தால் ஹெக்டேருக்கு 293 லிட்டர். ஐந்து லிட்டர் மருந்தை 1.36 ஹெக்டேரில் கொட்டியிருக்கிறீர்கள். அதாவது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3.7 லிட்டர். தொட்டி சீக்கிரம் தீர்ந்ததைவிட இதுதான் கவலைக்குரியது.

நான்கு நோசல்களையும் ஒரே வகையில் புதிதாக மாற்றுங்கள். அதே கியரும் எஞ்சின் சுற்றும் மாறாமல் ஓட்டினால் ஹெக்டேருக்கு 267 லிட்டர் வரும். 400 லிட்டர் ஒன்றரை ஹெக்டேருக்குப் போதும், மருந்து 4.5 லிட்டர். மாற்றியபின் மறுபடியும் குவளை பிடித்துப் பாருங்கள். அடைப்பை மென்மையான பிரஷ்ஷால் எடுக்கவேண்டும். எங்கள் காலத்தில் சிலர் வாயில் வைத்து ஊதினார்கள், அதைப் பார்த்தால் உடனே தடுங்கள். கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விடாமல், அடித்த பாதையிலேயே தெளித்துவிடுங்கள்.

இன்னொருவர்:
எங்கள் பக்கத்தில் 136 மரம் ஒரு ஹெக்டேர் என்று வைத்துத்தான் மருந்து எடுக்கிறோம். அது சரியா, ஐயா?

கிராணி:
மரக்கணக்கு தோட்டத்தின் பரப்பைக் காட்டும், மருந்து விழுந்த பரப்பைக் காட்டாது. 2 மீட்டர் அகலத்தில் 5,000 மீட்டர் ஓடினால்தான் அடித்தது ஒரு ஹெக்டேர். ஸ்டோரில் மருந்து எடுக்கும்போது அதையே எழுதுங்கள்.