ஜோஆனா நியூசம்: முதலில் எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவது?

ஹார்ப் (பெரிய நரம்பு வாத்தியம்) வாசித்துக்கொண்டே பாடும் அமெரிக்கப் பாடகி ஜோஆனா நியூசமின் பாட்டுகளை ஆறு வருடமாகக் கேட்கிறேன், இன்னும் ஒருவரைக்கூட இந்தப் பக்கம் இழுக்க முடியவில்லை. 2006இல் வந்த ‘ஈஸ்’ ஆல்பத்தில் மொத்தமே 5 பாட்டு, ஆனால் 55 நிமிடம். அதில் கிட்டத்தட்ட 17 நிமிடம் ஓடும் ஒன்றைத்தான் தங்கைக்கு முதலில் போட்டேன் (என் தப்புதான்). ஹார்ப்பை ரசித்தவள், குரல் வந்ததும் ஒரு பக்க இயர்போனைக் கழற்றி, "யாருக்கா இது, குழந்தையா?" என்றாள். அப்புறம் 2004 ஆல்பத்தின் குட்டிப் பாட்டுகள், வரிகளுக்குத் தமிழில் குறிப்பு, எல்லாம் செய்தாயிற்று. ஸ்பாட்டிஃபையில் இல்லாததால் லிங்க் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவும் வழியில்லை. 2010 ஆல்பத்தில் குரல் கொஞ்சம் இளகியிருக்கிறது, சரி, ஆனால் அது மூன்று தட்டு, 2 மணி நேரம்! அவளுடைய பொறுமை 5 நிமிடம்தான். அதற்குள் ஆளை உள்ளே இழுக்கிற ஒரே ஒரு பாட்டு எது?