87 மாடல் புல்லட்: ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்கவில்லை

ஒற்றியூரான்:
அப்பாவின் 1987 புல்லட் 350. திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி, நாங்களும் அதே ஊர். அதனால் விற்கும் பேச்சே வீட்டில் கிடையாது. மூன்று வாரமாக ஆக்சிலரேட்டரை விட்டால் ரேஸ் பாதியிலேயே நின்றுகொள்கிறது. நேற்று எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி பிரேக் போட்டது. நான் கையை விட்டேன், வண்டி விடவில்லை. கிளட்சைப் பிடித்துச் சாவியைத் திருப்பியதால் தப்பித்தேன். கேபிள் புதிது போட்டாயிற்று, கைப்பிடிக்கு கிரீஸும் வைத்தாயிற்று. கார்ப்பரேட்டர் பழைய மிக்கார்ப்தான். என்ன செய்யலாம்?

வண்டிப்பித்தன்:
கேபிளை மாற்றிப் பாருங்க ப்ரோ.

காசிமேட்டுக்காரன்:
மாற்றியாயிற்று என்றுதானே எழுதியிருக்கிறார்! ஒற்றியூரான், புது கேபிளாக இருந்தாலும் போட்ட வழி சரியா பாருங்க. வண்டியை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்க. ரேஸ் ஏறினால் கேபிள் டேங்க் அடியில் இழுபடுகிறது என்று அர்த்தம். கைப்பிடி ரப்பரை ரொம்ப உள்ளே தள்ளியிருந்தாலும் சுவிட்ச் பக்கம் உரசிப் பிடிக்கும். எங்கள் பக்கம் கடல் காற்றில் பழைய கேபிள் உள்ளேயே துருப்பிடித்துவிடும், அதனால்தான் எல்லாரும் முதலில் கேபிளைச் சொல்கிறோம்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, சரி செய்யும் வரை அந்த வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம்.

ரேஸ் இறங்காததில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஸ்லைடு, அதாவது கார்ப்பரேட்டருக்குள் கேபிள் இழுக்க ஏறி இறங்கும் உருளை, கீழே வராமல் மாட்டிக்கொள்வது. இன்னொன்று, ஸ்லைடு ஒழுங்காக இறங்கியும் எங்கிருந்தோ காற்று உள்ளே போய் ரேஸ் தொங்குவது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு ரேஸ் நிற்கும்போது கைப்பிடியை எதிர்ப்பக்கம் கையால் தள்ளுங்கள். ரேஸ் இறங்கினால் எங்கோ பிடிக்கிறது, அசையவே இல்லையென்றால் காற்று லீக்காக இருக்கலாம்.

பிடிக்கிறது என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு கார்ப்பரேட்டர் மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங், ஊசி இரண்டையும் எடுத்துவிட்டு, வெறும் ஸ்லைடை மட்டும் பாடியில் விடுங்கள். உள்ளே ஒரு பின் இருக்கும், ஸ்லைடின் கோடு அதில் உட்கார வேண்டும். தன் எடையிலேயே அது கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் இன்ஜின் பக்கம் கார்ப்பரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி விட்டுப் பாருங்கள். சமீபத்தில் யாராவது அந்த நட்டில் கை வைத்தார்களா?

ஒற்றியூரான்:
அண்ணே, தலை சுற்றுகிறது. கையால் தள்ளினால் ரேஸ் இறங்குகிறது. ஸ்லைடை மட்டும் விட்டேன், பாதியில் நின்றது. நட்டைத் தளர்த்தியதும் டொக் என்று விழுந்தது!

கை வைத்தார்கள். போன மாதம் ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்று ஒரு பட்டறையில் காட்டினேன். காற்று லீக் என்று சொல்லி நன்றாக முறுக்கிக் கொடுத்தார்கள்.

பழைய ஸ்பேனர்:
அதேதான். லீக் என்று சொன்னது சரி, வைத்தியம்தான் தப்பு. நட்டை முறுக்க முறுக்க நட்டு மாட்டும் இரண்டு காதும் இன்ஜின் பக்கம் வளையும், நடுவில் பள்ளம் விழும். லீக் நிற்காது. அதை நிறுத்த இன்னும் முறுக்கினால் பாடியே இறுகி ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும்.

கார்ப்பரேட்டரை முழுக்கக் கழற்றி ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) எடுத்துவிடுங்கள். தடித்த கண்ணாடி மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து, தண்ணீர் தெளித்து, இன்ஜினோடு ஒட்டும் முகத்தை மெதுவாகத் தேயுங்கள். லைசென்ஸுக்கு எட்டுப் போட்டோமே, அதே மாதிரி. முகம் முழுக்க ஒரே பளபளப்பு வந்ததும் நிறுத்திவிட்டுப் பெட்ரோலில் கழுவுங்கள். புது ஓ-ரிங் போட்டு, நட்டை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லைடு விழுகிறதா பாருங்கள்.

ஸ்லைடைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். இன்று நன்றாக ஓடும், தேய்ந்த இடைவெளியில் காற்று போய் ஐடிலிங் என்றைக்கும் நிற்காது. எண்ணெயும் விடாதீர்கள், லாரிப் புழுதி நம் ஊருக்குக் குறைவா?

காசிமேட்டுக்காரன்:
நான் ஸ்லைடைத் தேய்த்தவன். அண்ணன் சொல்வது உண்மை.

ஒற்றியூரான்:
ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். தேய்க்கத் தேய்க்க இரண்டு காதுப் பக்கம் மட்டும் பளபளத்தது, நடுவில் கறுப்பாகவே இருந்தது. அவ்வளவு வளைந்திருந்தது. சீராக வர ஒரு மணி நேரம் ஆனது. பழைய ஓ-ரிங் தட்டையாக அப்பளம் போல இருந்தது. இப்போது கையை விட்டால் உடனே இறங்குகிறது. ஒரே ஒரு விஷயம், சிக்னலில் வண்டி அணைந்துவிடுகிறது.

பழைய ஸ்பேனர்:
லீக் இருந்தபோது ரேஸைக் குறைக்க ஐடிலிங் ஸ்க்ரூவை வெளியே விட்டிருப்பார்கள். இன்ஜின் சூடான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகுங்கள்.

ஒற்றியூரான்:
ஒரு சுற்று உள்ளே திருகினேன், நின்று துடிக்கிறது. மணலி வரை போய் வந்துவிட்டேன். அப்பா பின்னால் உட்கார்ந்து வந்தார், இறங்கியதும் சாவியை வாங்கிக்கொண்டார்.