புதுப்பிப்பு: 16 மி.மீ. லென்ஸில் பச்சைப் புள்ளி, ஊதா விளிம்பு

வெயிலை நோக்கி எடுத்தால் பச்சைப் புள்ளிகள், படத்தின் ஓரத்தில் விழும் கிளைகளில் ஊதா விளிம்பு என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லென்ஸின் முன்னால் மாட்டிய கண்ணாடி ஃபில்டரைக் கழற்றச் சொன்னவர் வாக்குப் பலித்தது. முக்காலியில் வைத்து ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்தேன். கழற்றியதும், சூரியனுக்கு நேரெதிர் மூலையில் நின்ற பெரிய புள்ளி காணாமல் போனது. மிஞ்சிய இரண்டு புள்ளிகளும் லென்ஸுக்கே சொந்தம், அதன் உள்கண்ணாடிகளில் ஒளி எதிரொளித்து வருபவை. ஒளி நுழையும் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கினால் அவை மங்கும் என்று நினைத்தேன். மாறாக, அவற்றின் விளிம்பு கூர்மையாகிப் பளிச்சென்று தெரிந்தன. வெயிலைக் கையால் மறைக்கப் போய் என் விரல்களும் படத்தில் விழுந்தன!

ஊதாவைப் பெரிதாக்கிப் பார்த்தால், கிளையின் ஒரு பக்கம் மெஜந்தா, மறுபக்கம் பச்சை. பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி இது, அதாவது படத்தின் ஓரங்களில் லென்ஸ் வெவ்வேறு நிறங்களைச் சற்றே விலகிய இடங்களில் விழவைப்பது. துளையைச் சுருக்கினால் தீராது. ரா கோப்பில் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு), கணினி மென்பொருளின் நிறப்பிறழ்ச்சித் திருத்தத்தை இயக்கியதும் மறைந்துவிட்டது.