மழை பெஞ்ச மறுநாளே ஜீப்புங்க வந்துடுது, எங்க வண்டிப்பாதைய எப்படி காப்பாத்தறது?

கேவுருக்கொல்லை:
வணக்கம்ங்க. எனக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி பக்கம். ஊர்ல இருந்து கொல்லைங்களுக்கு போற மண்பாதை ஒண்ணு இருக்குது, ரெண்டு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, தாத்தா காலத்து மாட்டுவண்டி தடம், பாலு, தக்காளி, அவரை, கேவுரு எல்லாமே இதுலதான் வெளிய வரணும். ரெண்டு வருசமா சனி ஞாயிறு ஆனா பெரிய டயர் போட்ட ஃபோர் பை ஃபோர் வண்டிங்க பத்து பன்னெண்டு வரிசையா வருது, கூடவே சத்தம் போடற பைக்குங்க வேற. காஞ்ச நாள்ல வந்தா கூட பரவால்ல, மழை பெஞ்ச மறுநாள் சேத்துல ஓட்டறதுக்குன்னே வராங்க, மாட்டிக்கிட்ட வண்டிய கயிறு கட்டி இழுக்கறதுதான் அவங்களுக்கு விளையாட்டே.

போன வாரம் மேல வளைவுல மம்பட்டிய தடத்துக்குள்ள நிறுத்திப் பாத்தேன், காம்புல பாதி உள்ள போயிடுச்சு. அன்னிக்கு காலைல ரெண்டு கேன் பால கட்டிக்கிட்டு டிவிஎஸ்ல வரும்போது அந்த பள்ளத்துல முன் சக்கரம் எறங்கி சாஞ்சிட்டேன், ஒரு கேன் மூடி தெறிச்சி பாலெல்லாம் செம்மண் தண்ணியோட கலந்து ஓடுது, நான் நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கேட்டா “பொது ரோடு தானே”ங்கறாங்க. நடுவுல குழி வெட்டி அடைச்சிடலாம்னு எங்க பசங்க குதிக்கறாங்க. என்ன பண்ணலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய கணக்கு:
தம்பி, குழி மட்டும் வெட்டிடாதீங்க. பொதுப்பாதைய நாமளே அடைச்சா கேஸு நம்ம மேலதான் வரும், ராத்திரில யாராவது விழுந்தா அதுக்கும் நாமதான் பொறுப்பு. மொதல்ல அந்த பாதை யாருதுன்னு பாருங்க. புலப்படமும் (சர்வே நம்பர்படி நெலத்த அளந்து வரைஞ்ச படம்) அ-பதிவேடும் (எந்த நெலம் யாரு பேர்ல, என்ன வகைன்னு எழுதியிருக்கற வருவாய்த்துறை கணக்கு) ஆன்லைன்லயே எடுக்கலாம், வண்டிப்பாதை புறம்போக்குன்னு இருக்குதா, இல்ல பட்டா நெலத்து வழியா பழக்கத்துல போற தடமா, இல்ல ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போகுதா, மூணுக்கும் போய் நிக்க வேண்டிய ஆபீஸே வேற வேற. உங்க பக்கம் 2014ல காவிரி வடக்கு சரணாலயம் அறிவிச்சாங்க இல்ல, பாதை அதுக்குள்ள கொஞ்சம் போனா கூட பர்மிசன் இல்லாம ஜாலிக்கு நுழையறது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம், வனத்துறை கிட்ட நேரா சொல்லிடலாம்.

ஊராட்சி பாதைன்னா, 1988 மோட்டார் வாகன சட்டத்துல 115ன்னு ஒரு பிரிவு இருக்குது. ரோடோட தன்மைய பாத்து இந்த மாதிரி வண்டி இந்த பாதைல வரக்கூடாதுன்னு அரசோ, அரசு அதிகாரம் குடுத்த அதிகாரியோ தடை போடலாம், ஒரு மாசத்துக்கு மேல போகாத தடைன்னா அரசிதழ்ல கூட போட வேண்டியதில்ல, ஊர்ல அறிவிச்சா போதும். மழை மாசத்துக்கு இத விட பொருத்தமா வேற ஒண்ணும் கிடையாது. கிராம சபைல தீர்மானம் போட்டு அந்த நகலோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடுங்க, போட்டோல தேதி தெரியணும்.

ஓசூர் ஜீப்:
அண்ணா நானும் ஜீப் வெச்சிருக்கேன், மாசத்துல ஒரு தடவ தளி, அஞ்செட்டி பக்கம் வருவோம். படிச்சதும் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, அந்த பால் கேன் விசயம் ரொம்பவே. எல்லாரும் அப்படி ஓட்டறதில்ல, ஆனா ஈர மண்ணுல ஆக்சிலரேட்டர மிதிச்சி சக்கரத்த சுத்த விட்டா என்ன ஆகும்னு எங்களுக்கு தெரியாதுன்னு சொன்னா அது பொய். மாட்டுவண்டி சக்கரம் மண்ண அமுக்கும், எங்க டயரு மண்ண வாரி பின்னாடி எறியும். சேறு வேணும்னா காசு கட்டி தனியார் ட்ராக்குக்கு போகணும், ஒருத்தர் கொல்லை வழிய கெடுக்கக் கூடாது. எங்க வாட்சப் குரூப்புல இத போடறேன், மழை பெஞ்சி காயற வரைக்கும் அந்த ரூட்டு வேணாம்னு நானே பேசறேன்.

பென்னாகரத்தான்:
எனக்கு ஊர் பென்னாகரம், இப்ப வேலைக்கு இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல இருக்கேன். இங்கயும் இதே சண்டைதாங்க. தார் போடாத பழைய வண்டிப்பாதைங்க கிராமம் பூரா இருக்குது, குதிரைவண்டி போன தடத்துல எல்லாம் ஜீப்பும் பைக்கும் ஓட்டி நாசம் பண்றாங்கன்னு பெரிய தகராறு ஆயி 2006ல சட்டமே கொண்டு வந்தாங்க, பதிவேட்டுல மோட்டார் வண்டிக்குன்னு ஏறாத பழைய பாதைங்க பலதுல அந்த உரிமையே போயிடுச்சு. பீக் டிஸ்ட்ரிக்ட்னு பக்கத்துல ஒரு தேசியப் பூங்கா, அங்க சேப்பல் கேட்னு ஒரு மலைப்பாதைக்கு தடை உத்தரவே போட்டாங்க. இங்க நான் கத்துக்கிட்டது, பதிவேட்டுல என்ன எழுதியிருக்குங்கறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. பெரியவர் சொன்ன மாதிரி மொதல்ல புலப்படம்.

மண்ரோடு மேஸ்திரி:
சட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும், அதுக்குள்ள இன்னும் நாலு மழை வந்தா பாதை ஓடையாயிடும் தம்பி. பாதைக்கு நடு முதுகு ஒசரமா இருந்தா தண்ணி ரெண்டு பக்கமும் வடியும், டயர் தடம் விழுந்துட்டா தண்ணி பாதையோடவே நீளத்துக்கு ஓடி அறுத்துக்கிட்டே போவும். அதனால மேல வளைவுல இருந்து ஆரம்பிங்க. பாதைக்கு குறுக்கால, நேரா இல்லாம சாய்வா, கல்லும் மண்ணும் போட்டு சின்ன மேடு கட்டி தண்ணிய ஓரத்துக்கு திருப்புங்க. சரிவு அதிகமா இருக்கற எடத்துல மேடு கிட்ட கிட்ட வரணும். பள்ளத்துல வெறும் மண்ண கொட்டாதீங்க, கரைஞ்சிடும், கல்லு கீழ, கிராவல் மேல, ஈரம் லேசா இருக்கும்போதே டிராக்டர ரெண்டு மூணு தடவ ஓட்டி அமுக்கிடுங்க.

கேவுருக்கொல்லை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. புலப்படம் எடுத்துட்டேன், வண்டிப்பாதைன்னே போட்டிருக்குது, கடைசி கொஞ்ச தூரம் மட்டும் காட்டு எல்லைய ஒட்டிப் போகுது. அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதறேன், பாதைய பொழங்கற எல்லார் வீட்டு கையெழுத்தும் வாங்கணும். ஓசூர் தம்பி, நீங்க அன்னிக்கு வந்து சபைல ரெண்டு வார்த்தை பேசினா பெரிய உதவியா இருக்கும். மேஸ்திரி அண்ணா, நாளைக்கு பால் ஊத்திட்டு வந்து எதிர்கொல்லை அண்ணனும் நானும் மொத மேடு கட்டறோம், பழைய கெணத்தோரமா கல்லு நெறைய கெடக்குது. மேடு ஏறி எறங்கும்போது பால் கேன் ஆடாம இருக்கணும்னா எவ்ளோ ஒசரம் வெக்கலாம்?